பட்டுப்புழு நோட்டில் எழுதிய இருபது நாட்கள்

பாலக்கோட்டுக்குப் பக்கத்துக் கிராமத்தில் பட்டுப்புழு வளர்க்கிறேன். ஒன்றரை ஏக்கர் மல்பெரி, ஒரு வளர்ப்பு மனை, அவ்வளவுதான் சொத்து. 2022 அக்டோபரில், தர்மபுரியில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த என் ஒரே மகளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஊர் சொன்னது. நானும் நம்பினேன். அவள் அம்மா இறந்து அப்போது ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன, யோசனை கேட்க வீட்டில் வேறு ஆளில்லை. இருபது நாள் அலைந்த பிறகுதான் அது மூளையில் வந்த அழற்சி என்று தெரிந்தது. மனம் கலங்குவதற்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தியே காரணமாக இருக்கக்கூடும் என்று ஒரே ஒருவர் எனக்கு முன்பே சொல்லியிருந்தால், அந்த இருபது நாளில் பாதியாவது மிச்சமாகியிருக்கும். அதனால்தான் நான் செய்த தவறுகளையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

முதலில் அந்த நோட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இளம்புழு எந்தத் தேதியில் வந்தது, எப்போது தோல் உரித்தது, ஒரு நாளைக்கு எத்தனை கட்டுத் தழை போட்டேன், மனையின் வெப்பம் எவ்வளவு என்று ஒவ்வொரு வளர்ப்புக்கும் எழுதி வைப்பேன். பட்டு வளர்ச்சித் துறை அலுவலர் ஒருவர் பழக்கிவிட்டது. செப்டம்பர் 27ஆம் தேதி 150 முட்டைத் தொகுதிக்கான இளம்புழுக்களை இறக்கினேன். அக்டோபர் 2, ஞாயிற்றுக்கிழமை, ஆயுத பூஜை விடுமுறைக்கு மகள் விடுதியிலிருந்து வந்தாள். அன்றைய தேதிக்கு எதிரே, தழைக் கணக்குக்குக் கீழே, "பாப்பாவுக்குக் காய்ச்சல், தலைவலி" என்று எழுதியிருக்கிறேன். அவளுக்கு மாத்திரை வாங்க வேண்டும் என்ற ஞாபகத்துக்காகத்தான் எழுதினேன். அந்த வரி பின்னால் எவ்வளவு வேலைக்கு ஆகும் என்று அப்போது தெரியாது.

காய்ச்சல் இரண்டு நாளில் விட்டுவிட்டது. 4ஆம் தேதி ஆயுத பூஜை. தழை வெட்டும் கத்தி, மருந்து அடிக்கும் இயந்திரம், தராசு எல்லாவற்றையும் கழுவி வரிசையாக வைத்தேன், அவள் சந்தனமும் குங்குமமும் இட்டாள். கத்திக்கு ஒரு பொட்டு வைத்தவள் அதற்குப் பக்கத்தில் இன்னொன்று வைத்தாள், பிறகு இன்னொன்று. கத்தி முழுவதும் சிவப்பாகிவிட்டது, நிறுத்தவில்லை. "போதும் கண்ணு" என்றேன். என்னைப் பார்த்தாள், ஆனால் நான் சொன்னது அவளுக்குப் போய்ச் சேரவில்லை. விளையாடுகிறாள் என்று விட்டுவிட்டேன். 6ஆம் தேதியிலிருந்து தூக்கம் அறவே போய்விட்டது. பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்றாள், சாப்பாட்டை மோந்து பார்த்துவிட்டுத் தள்ளினாள். 8ஆம் தேதி நள்ளிரவில் எழுந்து பார்த்தால் படுக்கையில் இல்லை. வளர்ப்பு மனையில் விளக்குகூடப் போடாமல் தட்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தாள். ஐந்தாம் பருவத்துப் புழுக்கள் தழை தின்னும்போது மழை பெய்வது போலச் சத்தம் வரும், இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். "அப்பா, இவை எல்லாம் என் பெயரைச் சொல்கின்றன, நடுவில் அம்மாவும் கூப்பிடுகிறாள்" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிவிட்டது.

மறுநாளே என் அக்கா வந்துவிட்டார். அவருக்கு என் மகள் மேல் உயிர். "செத்தவள் மகளைக் கூப்பிடுகிறாள் தம்பி, தாமதிக்காதே" என்றார். கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து ஒருவரை வரவழைத்தோம். மூன்று நாள் மந்திரிப்பு, வேப்பிலை அடித்தல், சேவல், எலுமிச்சை, வீட்டைச் சுற்றிக் கட்டு. 18,500 ரூபாய். பணம் கிடக்கட்டும். காய்ச்சல் கண்டு எழுந்த பெண்ணை மூன்று நாள் சரியான சாப்பாடில்லாமல் புகையில் உட்கார வைத்தோமே, அதைத்தான் இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அந்த மூன்று நாட்களில் ஒன்று அக்டோபர் 10. மனநல உதவிக்காக மத்திய அரசு 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணைத் தொடங்கியது அதே நாளில்தான். இப்போது அது எந்த நேரமும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். என்ன செய்வதென்று தெரியாமல் கை பிசைந்து நிற்கும் முதல் இரவில் அந்த எண்ணை அழையுங்கள். சாமிக்கு வேண்டிக்கொள்வதை நான் தடுக்க மாட்டேன், நானே வேண்டிக்கொண்டவன். ஆனால் வேண்டுதலை ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டும் செய்யலாம்.

11ஆம் தேதி இரவு அவள் கிணற்றுப் பக்கம் ஓடினாள். பிடித்து வந்து, அவள் அம்மாவின் பழைய நூல் சேலையால் கட்டிலோடு கட்டினேன். நோட்டில் "கட்டினேன்" என்று ஒரே சொல்தான் இருக்கிறது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் வெந்து செத்ததைச் செய்தித்தாளில் படித்துவிட்டு, பெற்றவர்களுக்கு எப்படி மனம் வந்தது என்று திட்டியவன் நான். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. ஓடுகிற பிள்ளையைப் பிடித்து வைக்க வேண்டிய நிலைமை வந்துவிட்டால், அந்த நிமிடமே 108க்குச் சொல்ல வேண்டும், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. அதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

12ஆம் தேதி நகரத்தில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனேன். காதல் விவகாரமா, பரீட்சைப் பயமா, வீட்டில் சண்டையா என்று கேட்டார். காய்ச்சலைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பத்து நாளுக்கு முன்பு வந்து போன காய்ச்சலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றுதான் நினைத்தேன். ஓர் ஊசி போட்டு இரண்டு வகை மாத்திரை கொடுத்தார். 14ஆம் தேதி அவள் உடம்பு மரக்கட்டை போல விறைத்துக்கொண்டது. கையைத் தூக்கிவிட்டால் தூக்கியபடியே நின்றது. நாளெல்லாம் பேசிக்கொண்டிருந்தவள் ஒன்றிரண்டு சொல்லோடு நிறுத்திக்கொண்டாள், பிறகு அதுவும் இல்லை. வாயில் எதுவும் இல்லாமலே மென்றுகொண்டிருந்தாள், உதடு ஒரு பக்கமாகக் கோணிக் கோணிப் போனது. "வாய் சும்மா மெல்லுகிறது" என்று நோட்டில் எழுதினேன். அன்றுதான் புழுக்கள் பழுத்துக் கூடு கட்டத் தலையைத் தூக்கிக்கொண்டிருந்தன. கூடு கட்டுவதற்கான தட்டியான சந்திரிகையில் எடுத்துவிட ஆளில்லை. தட்டிலேயே தாறுமாறாக நூல் விட்டன, பாதி செத்தன. பிறகு அக்கா பொறுக்கி எடுத்தது 22 கிலோ மட்டமான கூடு. நன்றாக வந்திருந்தால் 110 கிலோவுக்குக் குறைந்திருக்காது.

16ஆம் தேதி காலையில் வலிப்பு வந்தது. தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்த்தேன். தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள். வலிப்புக்கு ஊசி, குளுக்கோஸ். நான்கு நாளில் 1,12,000 ரூபாய். "உடம்பில் ஒரு கோளாறும் இல்லை, மனநோய்தான், அதற்கான இடத்தில் சேருங்கள்" என்று எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் அட்டை வீட்டுப் பீரோவில் கிடந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அதில் வழியிருக்கிறது. இந்த மருத்துவமனை அந்தத் திட்டத்தில் இருக்கிறதா, இந்தச் சிகிச்சை அதில் வருமா என்று சேர்க்கும்போதே கேட்டிருக்க வேண்டும். பதற்றத்தில் எனக்குத் தோன்றவில்லை. கையெழுத்துப் போடு என்றார்கள், போட்டேன்.

20ஆம் தேதி தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பணியில் இருந்தவர் இளம் வயதுப் பெண் மருத்துவர். எப்போது தொடங்கியது, எது முதலில், எது பிறகு என்று கேட்டார். எனக்கு வாய் குழறியது, நாட்கள் ஒன்றோடு ஒன்று கலந்துவிட்டன. பையில் இருந்த நோட்டை எடுத்து நீட்டினேன். அவர் நின்றபடியே புரட்டினார். தழைக் கணக்கையும் வெப்பத்தையும் தாண்டித் தாண்டி மகளைப் பற்றிய வரிகளை மட்டும் படித்தார். பேனாவை எடுத்து மூன்று இடத்தில் கோடு போட்டார். காய்ச்சல் தலைவலி என்ற இடத்தில், வாய் மெல்லுகிறது என்ற இடத்தில், வலிப்பு என்ற இடத்தில். "அய்யா, இது வெறும் மனநோய் இல்லை என்று நினைக்கிறேன். மூளையில் அழற்சியாக இருக்கலாம். நரம்பியல் மருத்துவர் உடனே பார்க்க வேண்டும், முதுகுத் தண்டுநீர் எடுத்துப் பார்க்க வேண்டும். மனநலத்துக்கும் நரம்பியலுக்குமான மத்திய அரசு மருத்துவமனை பெங்களூரு நிம்ஹான்ஸ், அங்கே போய்விடுங்கள், நான் கடிதம் எழுதித் தருகிறேன்" என்றார். அதுவரை மூன்று இடங்களில் பணம் கட்டியிருக்கிறேன். என் நோட்டைக் கையில் வாங்கிப் படித்தவர் அவர் ஒருவர்தான்.

ஆகவே என்னிடம் யார் கேட்டாலும் முதலில் சொல்வது, எழுதி வையுங்கள் என்பதைத்தான். "ஒரு மாதிரி நடந்துகொள்கிறாள்" என்று எழுதினால் பயனில்லை. எந்தத் தேதி, எத்தனை மணி, என்ன செய்தாள், எவ்வளவு நேரம், எந்த மாத்திரைக்கு முன்பு, எதற்குப் பிறகு என்று எழுத வேண்டும். வலிப்பு வந்தாலோ வாய் கோணினாலோ கைபேசியில் அரை நிமிடம் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பெற்ற பிள்ளையை அந்த நிலையில் படமெடுக்கக் கை வராது, ஆனாலும் எடுங்கள். நல்ல பிள்ளை சில நாட்களிலோ சில வாரங்களிலோ தலைகீழாக மாறினால், அதற்கு முன்பு காய்ச்சலோ தலைவலியோ வந்திருந்தால், வலிப்பு, உடம்பு விறைப்பு, பேச்சு குறைதல், முகமும் வாயும் தானாக அசைதல், நினைவு வந்து வந்து போதல், நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறி இறங்குதல் ஆகியவற்றில் ஏதாவது கூடவே இருந்தால், மனநோய் மருந்து கொடுத்ததும் விறைப்பும் காய்ச்சலுமாக மோசமானால், நரம்பியல் மருத்துவரையும் பார்க்க வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். சி.டி. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்பதோடு திரும்பிவிடாதீர்கள். எம்.ஆர்.ஐ.கூட இந்த நோயில் பலருக்குச் சரியாகத்தான் இருக்குமாம்.

அடுத்த நாள் விடியற்காலையில் தனியார் ஆம்புலன்ஸ், 9,500 ரூபாய். கிருஷ்ணகிரி, ஓசூர், அத்திப்பள்ளி எல்லாம் தாண்டி சில்க் போர்டு சந்திப்பில் வந்து மாட்டிக்கொண்டோம். முக்கால் மணி நேரம் வண்டி ஊர்ந்தது. மத்தியப் பட்டு வாரியத்தின் அலுவலகம் அங்கேதான் இருக்கிறது, அதனால்தான் அந்தப் பெயர். என் வீட்டுத் தட்டுகளில் புழு செத்துக் கிடக்க, மடியில் மகள் வாயை மென்றுகொண்டிருக்க, பட்டு வாரியத்தின் பெயரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அந்த முக்கால் மணி நேரம்தான் இந்த ஒட்டுமொத்தத் துன்பத்திலும் நான் வாய்விட்டு அழுத நேரம்.

நிம்ஹான்ஸ் அவசரப் பிரிவில் பார்த்துவிட்டு, மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. எடுத்தார்கள், முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும் என்றார்கள். முதுகில் ஊசி போட்டால் கால் விழுந்துவிடும் என்று எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு. அக்கா தொலைபேசியில் "கையெழுத்துப் போடாதே" என்று அழுதார். மருத்துவர் தன் முதுகில் விரலை வைத்துக் காட்டினார். ஊசி போகும் இடம் இடுப்புக்குப் பக்கத்தில், தண்டுவடம் அதற்கு மேலேயே முடிந்துவிடுகிறது, அதனால் அது குத்துப்பட வழியில்லை, சிலருக்கு இரண்டொரு நாள் தலைவலி இருக்கும் என்றார். கையெழுத்துப் போட்டேன். இந்த நோய்க்கு ரத்தத்தைவிட அந்த நீரில் செய்யும் சோதனைதான் நம்பகமானது, ரத்தத்தில் மட்டும் பார்த்துவிட்டு இல்லை என்று முடிவு கட்டக் கூடாது என்பதும் அங்கேதான் தெரிந்தது. முடிவு வரும்வரை காத்திருக்கவில்லை. நீரில் வெள்ளணுக்கள் கூடுதலாக இருந்ததையும் இ.இ.ஜி.யையும் பார்த்துவிட்டு, கிருமித் தொற்றாக இருக்குமோ என்று அதற்கும் மருந்து கொடுத்துக்கொண்டே, அழற்சியை அடக்கும் மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை நாளுக்கு ஒரு கிராம் வீதம் ரத்தக்குழாய் வழியாக ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். சில நாளில் சோதனை முடிவு வந்தது. என்.எம்.டி.ஏ. ஏற்பிக்கு எதிரான மூளை அழற்சி.

"வேலியே பயிரை மேய்கிறது அய்யா" என்று ஆரம்பித்தார் தமிழ் தெரிந்த மருத்துவர் ஒருவர். கிருமியை அடிக்க வேண்டிய எதிர்ப்பொருள்கள், மூளை நரம்பணுக்களின் மேல் இருக்கும் ஓர் ஏற்பியைப் பகையாளி என்று நினைத்துப் பற்றிக்கொள்கின்றன. பற்றியதும் அந்த ஏற்பி அணுவின் உள்ளே இழுக்கப்பட்டுவிடுகிறது. சேதி வாங்குகிற இடமே இல்லாமல் போவதால் நினைவு, பேச்சு, உறக்கம், அசைவு எல்லாம் குலைகின்றன. மயக்க மருந்தாகப் பயன்படும் கெட்டமின் இதே ஏற்பியைத்தான் அடைக்கிறது, அதனால்தான் அந்த மருந்து கொடுத்தவர்களில் சிலர் விழிக்கும்போது இல்லாததைப் பார்த்துப் பேசுகிறார்கள் என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. என் மகளைக் கூப்பிட்டது அவள் அம்மாவும் இல்லை, புழுவும் இல்லை. எதிர்ப்பொருளை அகற்றிவிட்டால் ஏற்பிகள் திரும்ப வெளியே வந்துவிடும், நரம்பணு பெரும்பாலும் சாவதில்லை என்று அவர் சொன்னதைத்தான் அடுத்த ஒரு மாதம் மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

இந்த நோயை டால்மாவ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவில் கண்டு சொன்னது 2007இல்தான். அதற்கு முன்பு இப்படி வந்த பெண்களை என்ன செய்திருப்பார்கள் என்று நினைத்தாலே நெஞ்சு பதைக்கிறது. முதலில் கண்டறியப்பட்டவர்கள் கருமுட்டைப்பையில் டெரட்டோமா என்ற கட்டி இருந்த இளம்பெண்கள். அந்தக் கட்டிக்குள் முடி, பல், நரம்புத் திசுகூட இருக்கும். அதிலுள்ள நரம்புத் திசுவை எதிர்க்கக் கிளம்பிய எதிர்ப்பொருள்தான் மூளையையும் தாக்குகிறது. அதனால் வயிற்றுக்கு ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும் என்றார்கள். கல்யாணமாகாத பெண்ணுக்கு, அப்பன் கூட நின்று, கருப்பைப் பக்கம் ஸ்கேன். வாய் திறந்து கேட்க எனக்குக் கூச்சம், செய்தி ஊருக்குப் போனபோது வந்த பேச்சு அதைவிட மோசம். அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கட்டி இருந்தால் அதை எடுத்தால்தான் நோய் அடங்கும். என் மகளுக்குக் கட்டி இல்லை. ஆனாலும் முதல் சில ஆண்டுகள் அவ்வப்போது பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள், பார்க்கிறோம். ஆண்களுக்கும் சிறுவர்களுக்கும்கூட இந்த நோய் வரும், அவர்களில் பலருக்குக் கட்டியே இருக்காது.

ஸ்டீராய்டு ஐந்து நாள் ஏற்றியும் பெரிய மாற்றம் இல்லை. இதற்கு நடுவிலேயே, அக்டோபர் 24 தீபாவளியன்று, மூச்சு தடுமாறித் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். வெளியே பட்டாசுச் சத்தம், நான் வராந்தாவில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தேன். அடுத்து இரண்டு வழி இருந்தது. இம்யூனோகுளோபுலின் ஊசி என்றால் அவள் எடைக்கு மருந்து மட்டும் இரண்டு லட்சத்தைத் தாண்டும். ரத்தத்திலிருந்து பிளாஸ்மாவைப் பிரித்து மாற்றும் சிகிச்சை அதைவிடக் குறைந்த செலவு, இவளுக்கு அதுவே ஏற்றது என்று மருத்துவர்களும் சொன்னார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஐந்து முறை. நான்காவது முறை முடிந்த மறுநாள் காலை, ஈரத்துணியால் முகம் துடைத்துக்கொண்டிருந்த சின்னம்மாவின் விரலை இறுக்கிப் பிடித்தாளாம். என் மனைவியின் தங்கைதான் அந்தச் சின்னம்மா. பெண்கள் வார்டில் துணைக்கு ஒரு பெண் வேண்டும் என்றதும் ஓசூரில் தான் பார்த்துவந்த தையல் வேலையை விட்டுவிட்டு வந்தவர், 47 நாள் கூடவே கிடந்தார். அவருக்கு நான் என்ன செய்து தீர்ப்பேன்.

கிளம்பும்போது எடுத்துக்கொள்ள வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். பழைய சீட்டுகள், ஸ்கேன் படங்கள் எல்லாம் தேதி வரிசையில் ஒரே பையில். ஆதார், குடும்ப அட்டை, வருமானச் சான்று, ஒவ்வொன்றிலும் நான்கைந்து நகல். எனக்கு வருமானச் சான்று கையில் இல்லாததால், சலுகைக் கட்டணம் கேட்க ஊருக்கும் பெங்களூருக்கும் இரண்டு நடை ஆனது. பெண் என்றால் துணைக்குப் பெண். பாய், போர்வை, சார்ஜர். பெங்களூருவில் மட்டும் தங்கல், சாப்பாடு, மருந்து, பிளாஸ்மா எல்லாம் சேர்த்து 1,38,000 ரூபாய் ஆனது. மொத்தச் செலவு 2,80,000ஐத் தாண்டியது. மனைவியின் ஐந்து பவுன் சங்கிலியை முதலில் ஒரு தனியாரிடம் மூன்று வட்டிக்கு அடகு வைத்தேன். கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் வாங்கியிருந்தால் வட்டி பாதிகூட வந்திருக்காது, ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் ஓடியதற்கான விலை அது. கெட்டுப்போன வளர்ப்போடு அடுத்த இரண்டு வளர்ப்பும் வைக்கவில்லை, அது ஒன்றரை லட்சம். முதல் வாரத்திலேயே சரியான இடத்துக்குப் போயிருந்தால் பணத்தில் பாதி மிஞ்சியிருக்கும் என்பது இருக்கட்டும், தீவிர சிகிச்சைப் பிரிவுக்கே போகாமல் இருந்திருக்கலாம். 2013இல் வெளிவந்த, 577 நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு இதைத்தான் சொல்கிறது. சிகிச்சை சீக்கிரம் தொடங்கியவர்கள் நன்றாகத் தேறினார்கள், இரண்டு ஆண்டில் பத்துக்கு எட்டுப் பேர் தங்கள் காரியத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டார்கள். ஏறத்தாழ 12 சதவீதம் பேருக்கு அந்த இரண்டு ஆண்டுக்குள் நோய் திரும்பவும் வந்தது.

டிசம்பரில் வீட்டுக்கு வந்தவள் பழைய மகள் இல்லை, அதற்கு என்னை யாரும் தயார்ப்படுத்தவில்லை. ஆறு வயதுக் குழந்தை போல அடம் பிடித்தாள். சாப்பிட்டதை மறந்துவிட்டு மறுபடியும் களி கேட்டாள். அழக் கூடாத இடத்தில் அழுதாள், கோபம் வந்தால் அடித்தாள். நோய் திரும்பிவிட்டது என்று நான் பயந்த நாட்கள் பல. மூளை தான் இழந்ததைத் திரும்பப் பெற மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் ஆகும், அவசரப்படுத்தாதீர்கள் என்றார்கள். ஸ்டீராய்டு மாத்திரையைப் படிப்படியாகத்தான் குறைத்தார்கள். முகம் வீங்குகிறது என்று நாமாக ஒருநாளும் நிறுத்தக் கூடாது. நோய் திரும்பினால் தூக்கம் கெடுவதும் பேச்சு மாறுவதும் முதல் அறிகுறியாக இருக்கக்கூடும் என்பதால் தூக்க நேரத்தை இன்றும் நோட்டில் எழுதுகிறேன். 2023 ஜூனில் கல்லூரிக்குத் திரும்பினாள், ஓராண்டு பின்தங்கி.

இந்தச் செய்தி பரவியதும் பலர் வீடு தேடி வந்தார்கள். காரிமங்கலம் பக்கத்திலிருந்து ஒருவர் தன் மகனுக்கு மூன்று ஆண்டாக மனச்சிதைவு, அதுவும் இதுதானே, ஸ்டீராய்டு போட்டால் சரியாகிவிடும்தானே என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்வது கஷ்டமாகத்தான் இருந்தது. மனநோய் வருகிறவர்களில் மிகச் சிலருக்குத்தான் இந்த எதிர்ப்பொருள் இருக்கிறது. அழற்சிக்கும் மனநோய்க்கும் பொதுவாகவே ஒரு தொடர்பு இருப்பது உண்மைதான். டென்மார்க்கில் 2011இல் வெளியான பெரிய ஆய்வில், தன்னைத்தானே தாக்கும் எதிர்ப்பு நோய் இருந்தவர்களுக்கு மனச்சிதைவு வரும் வாய்ப்பு 29 சதவீதமும், தொற்றுக்காக மருத்துவமனைக்குப் போனவர்களுக்கு 60 சதவீதமும் கூடுதலாக இருந்தது. இங்கிலாந்தில் 2014இல் வந்த இன்னோர் ஆய்வில், ஒன்பது வயதில் ரத்தத்தில் ஐ.எல்.-6 என்ற அழற்சிப் பொருள் அதிகமாக இருந்த குழந்தைகளுக்குப் பதினெட்டு வயதில் மனநோய் போன்ற அனுபவங்கள் ஏறக்குறைய இரு மடங்கு காணப்பட்டன. ஆனால் நூறு பேரில் ஒருவருக்கு வருகிற நோய் 60 சதவீதம் கூடினாலும் இரண்டு பேரைத் தொடாது. காய்ச்சல் வந்த பிள்ளைக்கெல்லாம் மனநோய் வரும் என்று யாரும் பயப்பட வேண்டாம். அவரிடம் நான் சொன்னது, மாத்திரையை நிறுத்தாதீர்கள், மகனைப் பார்க்கும் மருத்துவரிடமே இந்தச் சந்தேகத்தைக் கேளுங்கள் என்பதுதான். கேட்டிருக்கிறார், சோதித்திருக்கிறார்கள், இல்லை என்று வந்துவிட்டது. பையன் மனநல மாத்திரையிலேயே நன்றாக இருக்கிறான், மாம்பழக் கூழ் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறான். என் மகளுக்கும் தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் பல மாதம் பார்த்தது மனநல மருத்துவர்தான். மனம் வேறு மூளை வேறு என்று பிரித்துக்கொண்டு இரண்டு வாசலில் அலைந்ததுதான் நாங்கள் பட்ட பாடு.

அக்டோபர் 4 முதல் நவம்பர் கடைசி வரை அவளுக்கு எதுவுமே நினைவில்லை. இந்த நோயில் அப்படித்தானாம். போன வைகாசியில், புதிய வளர்ப்புக்குப் பக்கம் தேடிப் பழைய நோட்டைப் புரட்டியவள் அந்தத் தேதிகளை முதல் முறையாகப் படித்தாள். நான் தழை நறுக்கிக்கொண்டிருந்தேன், நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. "அப்பா, 11ஆம் தேதி 'கட்டினேன்' என்று எழுதியிருக்கிறீர்களே, எதைக் கட்டினீர்கள்?" என்று கேட்டாள். மறைக்காமல் சொன்னேன். கிணற்றையும் சொன்னேன், சேலையையும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்தச் சேலை எங்கே?" என்றாள். பரண் மேல் பெட்டியில் சுருட்டி வைத்திருந்ததை இறக்கிக் கொடுத்தேன். தொட்டித் தண்ணீரில் நனைத்துத் துவைத்து, மல்பெரித் தோட்டத்து ஓரக் கொடியில் விரித்துக் காயப்போட்டுவிட்டு, மனைக்குள் வந்து தழை போட ஆரம்பித்தாள்.